கிழங்கா, தண்டா? கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்

(வேளாண் நேயர்களுக்கான வானொலி உரை)

வழக்கமாக உரம், பூச்சி, பாசனம் என்று ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் உங்களோடு பேசுவேன். இன்றைக்கு ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். "சொல்லுக்கும் சாகுபடிக்கும் என்ன சம்பந்தம், இது தமிழ் வாத்தியார் வேலையாச்சே" என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஒரு சொல் புரியாமல், விதைக்கிழங்குக்குப் போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்கை மண்ணிலேயே விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். சொல் தெரிந்திருந்தும் சமயத்தில் மறந்துபோய், பக்கத்து ஊர்க்காரருக்கு அருகம்புல்லைப் பயிர் செய்து கொடுத்த ஒருவரையும் தெரியும். இரண்டு கதையையும் சொல்கிறேன்.

முதலில், இந்தப் பேச்சுக்குக் காரணமான கடிதம். பத்தாவது படிக்கிற ஒரு பெண் எழுதியிருக்கிறாள். வீட்டில் மஞ்சள் வெள்ளாமை. "மஞ்சளும் இஞ்சியும் மட்டநிலத்தண்டு என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எங்க அப்பாரு சிரிக்கிறார். 'பூமிக்குள்ள தண்டு எப்படி கண்ணு போகும்? தண்டுன்னா மேல நிக்கறது. உள்ள இருக்கறது வேரும் கெழங்கும்தான். அறுபது வருசமா மஞ்சக் கெழங்குன்னுதான் நட்டிட்டு இருக்கறேன்' என்கிறார். யார் சொல்வது சரி?" என்று கேட்டிருக்கிறாள்.

நல்ல கேள்வி. அப்பாருவையும் விட்டுக்கொடுக்க முடியாது, புத்தகத்தையும் விட்டுக்கொடுக்க முடியாது. பதிலை அடுப்படியிலிருந்து ஆரம்பிப்போம்.

கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்கள் ஒரு துண்டு பச்சை இஞ்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்தோலில் மோதிரம் போட்ட மாதிரி வளையம் வளையமாகக் கோடு தெரிகிறதா? அந்தக் கோட்டில் காய்ந்த செதில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சில இடத்தில் அதன் பக்கத்திலேயே சின்னதாக மூக்கு மாதிரி ஒரு முளை புடைத்துக்கொண்டிருக்கும். இப்போது ஒரு கரும்பை நினைத்துப் பாருங்கள். கரும்பில் கணு இருக்கிறது, கணுவைச் சுற்றித் தோகை பிடித்திருந்த வடு இருக்கிறது, கணுவுக்குக் கணு பரு இருக்கிறது. இஞ்சியில் இருப்பதும் அதேதான். வளையம்தான் கணு. செதில்தான் தோகை, மண்ணுக்குள் வெளிச்சம் இல்லாததால் இலையாக விரியாமல் செதிலாகவே நின்றுவிட்டது. மூக்கு மாதிரி இருப்பது பரு. ஒரு கரும்பைக் குட்டையாக்கி, பருமனாக்கி, படுக்கப் போட்டு மண்ணுக்குள் தள்ளினால் எப்படி இருக்குமோ, அதுதான் இஞ்சி. அதுதான் மஞ்சள்.

வேரில் இதெல்லாம் கிடையாது. ஒரு முள்ளங்கியை எடுத்து எப்படித் திருப்பிப் பார்த்தாலும் கணுவும் இல்லை, பருவும் இல்லை. தலைப்பக்கம் இலை முளைக்கிற இடம் ஒன்றுதான் தண்டு. கீழே இருப்பது முழுக்க வேர்.

ஆகவே, மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் என்று சொல்ல முடியாது. கணுவும் கண்ணும் இருந்தால் அது எங்கே இருந்தாலும் தண்டுதான். மண்ணுக்குள் மட்டமாக, அதாவது கொத்தனார் மட்டம் பார்க்கிற மாதிரி கிடைவாக்கில், படுத்தபடி வளர்கிற தண்டுக்குத்தான் மட்டநிலத்தண்டு என்று பெயர் வைத்தார்கள். மட்டம், நிலம், தண்டு. மூன்று தமிழ்ச் சொல், பிரித்துப் பார்த்தால் ஒன்றும் கஷ்டமில்லை. ஆங்கிலத்தில் 'ரைசோம்' என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை. 'ரைசா' என்றால் கிரேக்க மொழியில் வேர். வேர் இல்லை, தண்டு என்று நாம் இவ்வளவு பாடுபட்டுச் சொல்லுகிற பொருளுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரிலேயே வேர் இருக்கிறது!

நம் பக்கமும் அப்படித்தான். இஞ்சிக்குச் செடிநூல் பெயர் 'ஸிஞ்சிபர்'. கிரேக்கர்கள் 'ஸிங்கிபெரிஸ்' என்றார்கள், வடமொழியில் 'சிருங்கவேரம்'. இவற்றின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பது நம்ம 'இஞ்சி வேர்' என்பதில் உள்ள வேர்தான் என்று மொழி ஆராய்ச்சி செய்தவர்கள் பலர் கருதுகிறார்கள். மிளகோடு கப்பலேறிய சரக்கு, பெயரையும் கூடவே கொண்டுபோயிருக்கிறது. அப்பாரு மட்டும் தப்பாகச் சொல்லவில்லை என்பதற்காக இதைச் சொன்னேன். உலகமே ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

சரி, கிழங்கு என்ற சொல்? அது நம்முடைய பழைய சொல், நல்ல சொல். மண்ணைத் தோண்டி எடுக்கிற சதைப்பற்றான எதையும் கிழங்கு என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். அது சந்தைக்கும் சமையலுக்கும் போதும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் நாலு சாதிப் பொருள் அடங்கியிருக்கிறது. உருளைக்கிழங்கு தண்டு. மண்ணுக்குள் ஓடுகிற மெல்லிய தண்டின் நுனி உருண்டு திரண்டது. புத்தகத்தில் 'கிழங்கு' என்ற பெயரை இந்த வகைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சேனை, கருணை இதெல்லாம் நிமிர்ந்தபடியே பெருத்த தண்டு, அதற்குக் 'கந்தம்' என்று பெயர். வெங்காயத்துக்குக் 'குமிழம்'. அதில் தண்டு என்பது அடியில் வேர் பிடித்திருக்கிற சின்ன வட்டத் தட்டு மட்டும்தான், நாம் உரித்துச் சாப்பிடுவது இலையின் அடிப்பாகம். பனங்கிழங்கு தண்டிலும் சேர்த்தி இல்லை, வேரிலும் சேர்த்தி இல்லை. அது பனங்கொட்டை முளைக்கும்போது மண்ணுக்குள் இறங்குகிற முளைக்குருத்து.

மரவள்ளி சுத்தமான வேர். அதனால்தான் மரவள்ளியில் யாரும் கிழங்கை நடுவதில்லை, மேலே இருக்கிற குச்சியைத்தான் நறுக்கி நடுகிறோம். சேலம், ஈரோடு பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்றே சொல்கிறார்கள். எதை நட வேண்டும் என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள் பாருங்கள். எந்தப் புத்தகப் பெயரும் இதற்கு ஈடாகாது. சர்க்கரைவள்ளியும் வேர்தான், ஆனால் அது கொஞ்சம் விதிவிலக்கு. வேராக இருந்தும் புதிதாக முளை விடும். அப்படியும் வயலில் நாம் நடுவது கொடியைத்தான்.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன்.

மூலனூர் பக்கத்தில் ஒரு விவசாயி. பரம்பரையாக மஞ்சள் போட்டவர். கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டதால் கண்வலிக்கிழங்குக்கு மாறினார். செங்காந்தள் என்று சொல்கிறோமே, நம்முடைய மாநில மலர், அதுதான். கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். விதை மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. இந்தப் பயிரில் பெரிய செலவே முதல் வருடம் விதைக்கிழங்கு வாங்குவதுதான். அவர் வீட்டு நகையை வைத்துத்தான் வாங்கினார்.

வாங்கி வந்ததை மஞ்சள் மாதிரியே நினைத்துக்கொண்டார். மஞ்சளில் தாய்க்கிழங்கைப் பிளந்து நட்டால் ஒன்று இரண்டாகும், விதை மிச்சம். அந்தப் பழக்கத்தில் நீளமான கிழங்குகளையெல்லாம் இரண்டு மூன்று துண்டாக உடைத்து நட்டுவிட்டார். ஆனி கடைசியில் நட்டது. ஆடி கழிந்தும் வயலில் அங்கங்கே சொட்டை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

போய், முளைக்காத இடத்தில் தோண்டிப் பார்த்தேன். அழுகல் இல்லை, புழு இல்லை. துண்டுகள் வெள்ளை வெளேரென்று நட்டபடியே இருந்தன. அந்த அம்மா கேட்டார்: "ஏனுங்க சார், கெழங்கு கெடாம அப்படியே இருக்குதுங்களே, அப்புறம் ஏனுங்க வரல?" நான் ஒரு முழுக் கிழங்கை எடுத்துக் காட்டினேன். கலப்பை மாதிரி வளைந்து இரண்டு கை இருக்கும். ஒவ்வொரு கைக்கும் நுனியில் மட்டும் ஒரே ஒரு கண். நடுவில் எங்கேயும் கிடையாது. வளைவில் இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் கண்ணோடு வரும், நடலாம். அதற்கு மேல் உடைத்தால் நுனி இல்லாத துண்டு வெறும் மாவுதான், விதை இல்லை. நுனிக் கண் உரசி முறிந்துபோனாலும் அதே கதி. கோணியில் போட்டுத் தூக்கி எறிவதிலேயே பாதிக் கண் போய்விடும்.

அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, "மஞ்சளும் கெழங்கு, இதுவும் கெழங்குன்னு நெனச்சுட்டனுங்க" என்றார். விற்றவரும் சொல்லவில்லை. நடவுக்கு முன்னால் நான் ஒரு தடவை அந்தப் பக்கம் போயிருந்தால் சொல்லியிருப்பேன். போகவில்லை. நகை திரும்பி வர இன்னும் ஒரு வருடம் கூடுதலாக ஆயிற்று.

இதில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கண்வலிக்கிழங்கு கடுமையான விஷம். உடைந்த துண்டுகளைக் களத்திலோ திண்ணையிலோ போட்டு வைக்காதீர்கள். குழந்தைகள் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வாயில் வைத்துவிடும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மாட்டுக்கும் ஆகாது.

தாவர நூல்களைப் புரட்டினால் கலப்பைக்கிழங்கை ஒருவர் மட்டநிலத்தண்டு என்பார், இன்னொருவர் வேறு பெயர் சொல்வார். அவர்கள் சண்டையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது, அது தண்டு, அதில் கண் எங்கே இருக்கிறது என்பது மட்டும்.

மஞ்சளில் கண் நிறைய. கணுவுக்குக் கணு இருக்கிறது. எக்டருக்கு 1,500 முதல் 2,000 கிலோ வரை விதைக்கிழங்கு போடுகிறோம். தாய்க்கிழங்கானால் பெரியதைப் பிளந்து, ஒவ்வொரு பிளவிலும் நல்ல கண் ஒன்றாவது இருக்கும்படி பார்த்து நடலாம். விரலியும் நடலாம், பருமனாக, கண் புடைத்ததாகப் பார்த்து எடுக்க வேண்டும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தார் இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். கரும்பில் ஒரு பருக் கரணை போடுகிறோம் அல்லவா, அதே மாதிரி இஞ்சியையும் மஞ்சளையும் ஒரு கண்ணோடு ஏறக்குறைய 5 கிராம் துண்டாக நறுக்கி, குழித்தட்டில் வைத்து, 30, 40 நாள் நாற்றாக வளர்த்து எடுத்து நடுகிறார்கள். விதைச் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கரும்புக் கரணை தெரிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. நிழல்வலையும் பூவாளியும் தயார் செய்துகொண்டால் போதும்.

தண்டு என்று தெரிந்துகொண்டால் மஞ்சளில் இன்னும் இரண்டு விஷயம் தானாகவே விளங்கும். ஒன்று, மண் அணைப்பு. வேர் கீழே இறங்கும், தண்டு வெளிச்சத்தைத் தேடும். பாரில் மண் கரைந்து கிழங்கு வெளியே தெரிந்தால் பச்சை பூத்துவிடும், கண்கள் பருக்காமல் இலையாகக் கிளம்பும். அதனால்தான் மண் அணைக்கச் சொல்கிறோம், அழகுக்கு அல்ல. மறுதாம்பு வாழையில் கட்டை வருடா வருடம் மேலே ஏறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கதைதான். வாழைக்கு உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கிற கட்டை. மேலே நிற்பது இலை மட்டைகளின் சுருள்.

இரண்டாவது, நோய். மஞ்சளில் விதை பிடிப்பது அபூர்வம். உங்கள் அப்பாரு நட்டதிலிருந்து ஒரு துண்டு, அதிலிருந்து ஒரு துண்டு என்று, இன்றைக்கு உங்கள் வயலில் நிற்பது அதே செடியின் தொடர்ச்சிதான். நல்ல குணமும் அப்படியே வரும், கிழங்கு அழுகல் நோயும் அப்படியே வரும். நெல்லில் கருக்காயைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கழிக்கலாம். தாய்க்கிழங்கின் உள்ளே ஒளிந்திருக்கிற பூசணத்தை அப்படிக் கழிக்க முடியாது. ஆகையால் விதைக்கிழங்கைக் களத்தில் தேடாதீர்கள், வயலில் தேடுங்கள். பயிர் பச்சையாக நிற்கும்போதே நோய் தட்டாத இடத்தைப் பார்த்துக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, இலை தானாகக் காய்ந்து சாய்ந்த பிறகு தனியாக வெட்டி எடுங்கள். இலை காய்வது என்றால் இலையில் இருந்த சத்தெல்லாம் தண்டுக்குள் இறங்கி முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முன்னால் வெட்டினால் விதை சூம்பும்.

அடுத்தது இரண்டாவது கதை. இது என் கதை. சொல்ல கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பெரியவர் தோட்டத்தில் மூலைக்கு மூலை அருகு. "என்னங்க செய்யறது?" என்று கேட்டார். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. "ஈரம் காயறதுக்குள்ள ரெண்டு ஓட்டு ரோட்டவேட்டர் விடுங்க, அருகு தூளாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தூளாகத்தான் ஆயிற்று. நாற்பது நாள் கழித்துப் போனால், மூலையில் இருந்த அருகு தோட்டம் பூராவும் பச்சைக் கம்பளம் விரித்திருக்கிறது. பெரியவர் கோபப்படவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், "ஆபீசரு நம்ம காட்டுல அருகுக்கு நாத்து விட்டுக் குடுத்திருக்கறாரு" என்றார். அந்த வருடம் அவருக்குக் களை ஆள் கூலி எவ்வளவு ஆனது என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கல்லூரியில் மட்டநிலத்தண்டுக்கு உதாரணம் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். அருகுக்கு மேலே ஓடுதண்டு, உள்ளே மட்டநிலத்தண்டு, இரண்டும் உண்டு என்பதும் தெரியும். ஒரு கணு உள்ள துண்டு ஈர மண்ணில் விழுந்தால் அது ஒரு கரணை. ரோட்டவேட்டர் ஆயிரக்கணக்கில் கரணை நறுக்கி, ஈரத்தில் சீராக நட்டும் கொடுத்துவிட்டது. மஞ்சளுக்கு எது வரமோ, அருகில் அதுவே நமக்குச் சாபம்.

சரியான முறை நேர்மாறானது. மண் நன்றாகக் காய்ந்த கோடையில், சட்டிக் கலப்பையோ இறக்கைக் கலப்பையோ போட்டு ஆழமாகப் புரட்டி, கட்டியோடு கட்டியாகத் தண்டை மேலே கொண்டுவர வேண்டும். நறுக்கக் கூடாது, இழுக்க வேண்டும். சித்திரை வெயிலில் பல நாள் காயவிட்டு, பிறகு கொத்துக் கலப்பையால் வாரி, ஓரத்தில் குவித்து அப்புறப்படுத்துங்கள். வாரியதைக் குப்பைக்குழியில் போட்டு அடுத்த வருடம் எருவோடு திரும்ப வயலுக்குக் கொண்டுவராதீர்கள்.

கோரை இதைவிடப் பொல்லாதது. அதன் மட்டநிலத்தண்டு கம்பி மாதிரி மெல்லியது. அந்தக் கம்பியில் உருத்திராட்சம் கோத்த மாதிரி கிழங்குகள் வரிசையாகத் தொங்கும். எல்லாம் ஒன்றாகப் பிணைந்திருக்கும்வரை நுனிக் கிழங்கு முளைத்து மற்றவற்றை அடக்கி வைத்திருக்கும். கம்பியை அறுத்துவிட்டால் அடங்கிக் கிடந்தவை எல்லாம் தனித்தனியாகக் கிளம்பும். மேலே இலையைப் பிடுங்கினால் கையோடு வருவது இலை மட்டும்தான்.

இங்கேயும் தண்டில் சேமிப்பு இருக்கிறது என்ற விஷயம்தான் நமக்குப் பிடி. ஒவ்வொரு தடவை முளைக்கும்போதும் அது தன் சேமிப்பிலிருந்து செலவு செய்கிறது. இலை விரிந்து கொஞ்ச நாளானதும் மறுபடி வரவு வைக்க ஆரம்பித்துவிடும். மூன்று வாரத்துக்குள்ளேயே புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். ஆகவே ஒரே தடவை சுத்தமாகக் களை எடுத்துவிட்டு இரண்டு மாதம் விட்டுவிடுவதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சுமாராகக் கொத்தினாலும் மேல். செலவு மட்டும் நடக்க வேண்டும், வரவு நடக்கக் கூடாது. கோரைக்கு நிழல் ஆகாது என்பதால் இடையில் தக்கைப்பூண்டோ சணப்போ நெருக்கமாக விதைத்து மூடுவதும் உதவும். களைக்கொல்லி தெளிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இலை வழியாக உள்ளே இறங்கி வேலை செய்கிற மருந்தானால், இலையை வெட்டிவிட்டுத் தெளித்துப் பயனில்லை. இலை பச்சையாக, வளர்ச்சியில் இருக்கும்போது அடித்தால்தான் மருந்து தண்டுவரை போகும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயிருக்குப் பயிர் மாறும்.

கடிதம் எழுதிய பிள்ளைக்கு என் பதில்: பரீட்சையில் மட்டநிலத்தண்டு என்று எழுது. வீட்டில் மஞ்சக் கிழங்கு என்றே சொல், அதில் தவறில்லை. அப்பாரு இன்னும் நம்பவில்லை என்றால் ஒரு காரியம் செய். மூன்று கொட்டாங்கச்சியில் ஈர மணல் போட்டுக்கொள். ஒன்றில் கண் உள்ள இஞ்சித் துண்டு, இன்னொன்றில் இரண்டு வளையத்துக்கு நடுவில், கணு படாமல் நறுக்கிய இஞ்சித் துண்டு, மூன்றாவதில் குச்சிக்கிழங்குத் துண்டு. தண்ணீர் தேங்கவிடாமல் தெளித்து, நிழலில் வைத்து, அப்பாருவையே தினம் பார்த்துக்கொள்ளச் சொல். இஞ்சி மெதுவாகத்தான் முளைக்கும், மூன்று நாலு வாரம்கூட ஆகலாம், அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதே. எது முளைத்தது, எந்தத் தேதியில் முளைத்தது என்று எனக்கு ஒரு கார்டு போடு.